பாகவதர் இல்லாத பாகவதர் படம்

காந்தா படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை பார்த்த பிறகு, அந்தப் படத்தின் மேல் எனக்கு ஏன் ஒரு கோபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொஞ்சம் விளங்கியது.

2025 நவம்பர் 14ஆம் திகதி வெளிவந்த படம். இயக்குநர் செல்வமணி செல்வராஜ். துல்கர் சல்மானும் ராணா டகுபதியும் நடித்துத் தயாரித்தும் இருக்கிறார்கள். பெயர் காந்தா என்றாலும் கல்முனைப் பக்கம் அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் பாகவதர் படம் என்றே சொன்னார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் கதை என்று யூடியூப்காரர்கள் ஆளுக்கு ஆள் சொல்லி, படம் வருவதற்கு முன்பே அது நிலைத்துவிட்டது. பாகவதரின் பேரன் ஒருவர் தன் பாட்டனாரை இழிவுபடுத்துகிறார்கள் என்று சென்னை நீதிமன்றத்துக்குப் போனார். படக்குழுவினரோ இது முழுக்கக் கற்பனை என்றார்கள்.

இரண்டு பக்கமும் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். படத்தின் நாயகன் பெயர் டி.கே. மகாதேவன். 1950ஆம் ஆண்டு சென்னையில் நடக்கிறது. அவனை வளர்த்துவிட்ட இயக்குநர் ஐயாவாகச் சமுத்திரக்கனி. ஐயா எடுக்க நினைத்த சாந்தா என்ற படத்தை மகாதேவன் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு காந்தா என்று பெயரை மாற்றுகிறான். இருவருக்கும் நடுவில் குமாரி என்ற புதுநடிகை. பிறகு ஒரு கொலை, அதை விசாரிக்க ஒரு பொலிஸ் அதிகாரி. முதற்பாதியில் ஸ்டூடியோ வெளிச்சமும், கறுப்பு வெள்ளைக் காட்சிகளும், குருவும் சீடனும் முறைத்துக்கொள்வதும் அருமை. கண்ணாடிக்கு முன்னால் துல்கர் நடிக்கிற இடம் ஒன்று போதும், டிக்கெட் காசுக்குப் பெறுமதி. பிற்பாதி வழக்கமான துப்பறியும் கதை. யார் கொன்றது என்று தெரிந்த பிறகு மனதில் தங்க ஒன்றுமில்லை.

ஆனால் என் குறை அதுவல்ல. மகாதேவனை நடிப்புச் சக்கரவர்த்தி என்கிறார்கள். பாகவதர் நடிப்புக்காகப் பேர் வாங்கியவர் இல்லை. அவர் குரல். அந்தக் குரலை எடுத்துவிட்டு, திமிரையும் ஒரு கொலையையும் மட்டும் வைத்துக்கொண்டு, பார்க்கிறவன் தானாகவே பாகவதரை நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்கிறோம். படத்துக்கு விளம்பரம் ஆகிறது. வழக்கென்று வந்தால் கற்பனை என்று ஒதுங்கிக்கொள்ளலாம்.

நான் பெரிய ரசிகன் இல்லை. ராகம் தெரியாது. மருதமுனையில் தறி நெய்த உம்மாவின் வாப்பா, இலங்கை வானொலியில் பழைய பாட்டுப் போகும்போது தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார் என்று உம்மா சொல்லுவார். அந்த வழியில் எனக்கு வந்து சேர்ந்தது மூன்று நாலு பாட்டுத்தான். எல்லாம் இந்துக் கடவுளைப் பற்றிய பக்திப் பாட்டு. ஐந்து வேளை பள்ளிக்குப் போகிற மனுசன் அதைக் கேட்டதில் யாருக்கும் அப்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்றைக்கென்றால் ஊரில் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை பேரில் வருசா வருசம் கொடியேற்றுகிற ஊர் இது. பாகவதர் பிறந்த மாயவரமும் அந்த நாகூரும் அந்தக் காலத்தில் ஒரே தஞ்சாவூர் மாவட்டம். அந்தக் காற்று இந்தக் கரைக்குப் புதிதல்ல.

1910இல் பிறந்தவர். தகப்பன் கிருஷ்ணமூர்த்தி ஆசாரி, நகைத்தொழில் செய்கிற விஸ்வகர்மக் குடும்பம். பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்தார்கள். பையன் படிப்பில் நிற்கவில்லை, பாட்டிலேயே நின்றான். தகப்பன் கண்டித்ததும் வீட்டை விட்டு ஓடிப்போய், கடப்பையில் சனங்களுக்குப் பாடிக்கொண்டிருந்த இடத்தில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பாகவதரைப் பற்றிச் சொல்லப்படுகிற எல்லாக் கதைகளையும் போல இதிலும் எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகு என்று பிரிக்க முடியாது. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தராக இருந்த எப்.ஜி. நடேசையர் தன் ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் அந்தப் பையனை லோகிதாசனாக மேடையேற்றினார். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம். அரங்கேற்றத்தில் வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளைதான் பாகவதர் என்ற பட்டத்தைக் கொடுத்தார் என்பார்கள். நகைக்கடைத் தெருப் பையனுக்கு அந்தப் பட்டம் எவ்வளவு பெரிய விசயம் என்பது, கச்சேரி மேடைகளில் அன்றைக்கு யார் யார் உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும்.

பவளக்கொடி நாடகத்தில் அவர் அருச்சுனன். அதையே கே. சுப்பிரமணியம் 1934இல் படமாக்கினார். அதுதான் பாகவதரின் முதல் படம். ஏறத்தாழ ஐம்பது பாட்டு என்று சொல்லுகிறார்கள். இன்றைக்கு ஒரு படத்துக்கு ஐந்து பாட்டே அதிகம் என்று தோன்றும் நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அப்போது சனம் போனதே பாட்டுக் கேட்கத்தான். கிராமபோன் பெட்டி ஊருக்கு ஒன்று இருந்தாலே பெரிது. படக் கொட்டகை என்றால் நாலு காசுக்கு இரண்டரை மணித்தியாலக் கச்சேரி.

1937இல் சிந்தாமணியும் அம்பிகாபதியும் வந்தன. மதுரை ரோயல் டோக்கீஸ்காரர்கள் எடுத்த சிந்தாமணி ஒரு வருசத்துக்கு மேல் ஓடி, அந்த இலாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்றே ஒரு தியேட்டர் எழும்பியது. அம்பிகாபதியை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். பிறகு திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி. பாட்டெழுதிக் கொடுத்தவர் பாபநாசம் சிவன். தோள் வரைக்கும் விழுந்த தலைமுடிக்குப் பாகவதர் கிராப் என்றே பெயராகி இளைஞர்கள் அப்படி வளர்த்தார்கள். தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்பதும் அப்போதைய பேச்சு. 1944 ஒக்டோபர் 16, தீபாவளியன்று ஹரிதாஸ் வந்தது. சென்னை பிரோட்வே தியேட்டரில் அந்தத் தீபாவளி, அடுத்த தீபாவளி, அதற்கடுத்த தீபாவளி என்று மூன்று தீபாவளியைக் கண்டது.

படம் மூன்று தீபாவளி ஓடியதை எல்லோரும் சொல்லுவார்கள். இரண்டாவது, மூன்றாவது தீபாவளிக்குப் படத்தின் நாயகன் சிறையில் இருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரே நகரத்தில் ஆயிரக்கணக்கான சனம் காசு கொடுத்து அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க, ஆள் கைதி உடுப்பில். இதைவிட ஒரு சினிமாக் காட்சி வேண்டுமா? காந்தா எடுத்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் பழைய பத்திர மோசடிக் குற்றவாளி. சிறையிருந்து வந்த பிறகு சினிமாத் தூது என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைக் கதைகள்தான் சரக்கு. எழுதாமல் இருப்பதற்கும் காசு வாங்கினார். பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரிகையின் அனுமதியை நிறுத்தினார்கள். லட்சுமிகாந்தன் ஓயவில்லை. இந்து நேசன் என்ற இன்னொரு பத்திரிகையை எடுத்து, விட்ட இடத்தில் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் திகதி, ஹரிதாஸ் வெளிவந்து மூன்று கிழமை கழித்து, வேப்பேரிப் பக்கம் ரிக்சாவில் போனவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அரசினர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

டிசம்பரில் மனுக் கொடுத்த மூன்று பேரும் கைதானார்கள். சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜூரிகளோடு நடந்த விசாரணையில் நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே 3ஆம் திகதி ஆயுள் தண்டனை. சென்னையில் செய்த மேன்முறையீடு தள்ளுபடியானது. பிறகு இலண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. நம் சட்டத்தரணிகள் கோமறைக் கழகம் என்பார்களே, அதுதான். இலங்கை வழக்குகளும் 1971 வரைக்கும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஹாப்பெல், சகாபுதீன் என்ற இரண்டு நீதிபதிகள் கேட்டு, 1947 ஏப்ரல் 25ஆம் திகதி இருவரையும் விடுதலை செய்தார்கள். கைதான நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டு வருசத்துக்கு மேல். லட்சுமிகாந்தனைக் கொல்ல வைத்தது யார் என்பது இன்று வரைக்கும் முடிவாகவில்லை.

இனித்தான் கதை என்பது என் எண்ணம். எல்லோரும் இங்கே முடித்துவிடுகிறார்கள்.

விடுதலையானவருக்குப் பன்னிரண்டு வருசத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆயுள் மிச்சமிருந்தது. சிறைக்கு முன் நடித்தது ஒன்பது படம், பின் நடித்தது ஐந்து. சொந்தக் கம்பனியில் எடுத்த ராஜமுக்தி 1948இல் வந்து விழுந்தது. 1952இல் அமரகவியும் சியாமளாவும். அதே வருசத் தீபாவளிக்குப் பராசக்தி வந்தது. பாட்டு அல்ல, வசனம்தான் இனிச் சினிமா என்று அந்தப் படம் காட்டிய பிறகு, மேல்ஸ்தாயியில் பாடிக்கொண்டு வரும் அரசகுமாரனுக்கு என்ன வேலை? 1957இல் புது வாழ்வு. அதுவும் எடுபடவில்லை.

சிறைதான் அவரை அழித்தது என்று ஒரேயடியாகச் சொல்லுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவர் உள்ளே இருந்த காலத்திலும் அதற்கடுத்த நாலைந்து வருசத்திலும் தமிழ்ப் படத்தில் குரலும் ஆளும் வேறு வேறாகப் பிரிந்தன. பின்னணிப் பாட்டு வந்துவிட்டது. நடிகன் பாடத் தெரிந்தவனாக இருக்கத் தேவையில்லை. ராஜமுக்தியிலேயே எம்.எல். வசந்தகுமாரி திரைக்குப் பின்னாலிருந்து பாடினார். 1950இல் கிருஷ்ண விஜயத்தில் டி.எம். சௌந்தரராஜன் என்ற மதுரைக்காரர் பாடத் தொடங்கினார். அவர் பாகவதரின் பரம ரசிகர். அந்த முதல் பாட்டே பாகவதர் பாணிதான். அசோக்குமாரிலும் ராஜமுக்தியிலும் பாகவதருக்குப் பக்கத்தில் சின்ன வேடத்தில் நின்ற எம்.ஜி.ஆருக்கு அதே சௌந்தரராஜன் பிறகு இருபது வருசத்துக்கு மேல் பாடினார். பாகவதரின் குரல் ஒரு வகையில் எம்.ஜி.ஆரிடமும் சிவாஜியிடமும் போய்ச் சேர்ந்தது, பாகவதருக்குத்தான் வேலை இல்லாமல் போனது. அவரோடு போட்டியாக நின்ற பி.யு. சின்னப்பா சிறைக்குப் போகவில்லை. ஆனாலும் 1951இல் அவர் சாகும் காலத்தில் அவருடைய காலமும் முடிந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் வெளியே இருந்திருந்தால் அந்த மாற்றத்தை நாளுக்கு நாள் பார்த்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்கலாம், அல்லது சினிமாவை விட்டுக் கச்சேரிக்கே கௌரவமாகப் போயிருக்கலாம். அந்தத் தெரிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சிறை.

என்.எஸ். கிருஷ்ணனைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாள் விடுதலை. அவர் உள்ளே இருந்தபோது மனைவி டி.ஏ. மதுரம் நாடகக் குழுவை விடாமல் நடத்தினார், வழக்குக்கும் அலைந்தார். கிருஷ்ணன் வெளியே வந்து நல்லதம்பி, மணமகள், பணம் என்று படம் எடுத்தார், இயக்கினார், சனம் முன்னைப் போலவே சிரித்தது. நகைச்சுவைக்காரன் தன் சிறையையே பகிடியாக்கிக்கொள்ளலாம். பக்தனாகவும் அரசனாகவும் மட்டுமே சனம் பார்த்த ஒருவர் அதை என்ன செய்வார்? கிருஷ்ணனும் 1957இல் போய்ச் சேர்ந்தார்.

பாகவதருக்குச் சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம். கண்பார்வையும் மங்கியது. 1959 நவம்பர் 1ஆம் திகதி சென்னை அரசினர் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். வயது 49. திருச்சிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள்.

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றி நம்மவர்கள் சொல்லுகிற கதைகள்தான் எனக்குப் பிடிக்காதவை. கோயில் வாசலில் பிச்சைக்காரன் என்று நினைத்து யாரோ காசு போட்டார்கள் என்பது போல. தங்கத் தட்டுக் கதையைச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லும். தட்டு எவ்வளவு உயரமோ விழுகை அவ்வளவு ருசி. ஆடின ஆட்டத்துக்கு அனுபவித்தான் என்ற ஒரு முடிவுக்கு ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு இந்தக் கதைகள் உதவுகின்றன. எதற்கு அனுபவித்தார்? நீதிமன்றம் விடுதலை செய்த ஆள். காந்தாவின் மகாதேவனும் இந்தக் கதைகளில் இருந்து வந்தவன்தான். திமிர் பிடித்தவன், பக்கத்தில் ஒரு பிணம். சட்டப்படி அழிந்துபோன சந்தேகத்தைப் படம் ஒரு பொழுதுபோக்காக மறுபடியும் அவர் நிழலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது.

இதை இவ்வளவு இழுத்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. குற்றம் செய்தவர்கள் செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் குற்றத்தோடு ஒரு தொடர்பும் இல்லாத ஆட்களும் வாகனத்தில் ஏற்றப்பட்டார்கள். குருநாகல் டொக்டர் சாபி சிஹாப்தீன் விசயத்தில் ஒரு பத்திரிகையின் முதற்பக்கச் செய்திதான் தொடக்கம். ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று. 2019 மே மாதம் கைது, ஜூலையில் பிணை. பிறகு வேலையும் திரும்பக் கிடைத்தது. கிடைத்த நிலுவைச் சம்பளம் சுமார் 26 இலட்சம் ரூபாவை 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டு நேரத்தில் மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் நவரசம் என்ற கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது.

கைது செய்த அன்று கொட்டை எழுத்து. விடுதலை செய்த அன்று உள்பக்கத்தில் நாலு வரி. சனத்தின் ஞாபகமும் அந்த அளவில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்களிலும் ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது, அவர் உள்ளுக்கு இருந்தவரல்லவா என்றுதான் தொடங்குவார்கள். விடுபட்டவர் என்று தொடங்குகிறவரை நான் இன்னும் காணவில்லை. பாகவதரைப் பற்றியும் எழுபத்தெட்டு வருசமாக இதே பேச்சுத்தான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்று இணையத்தில் தேடினால் பாகவதர் படம் வருகிறது.

கற்பனைக் கதை எடுக்க யாருக்கும் உரிமை இருக்கிறது. தடைசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நேரடியாக வாழ்க்கைக் கதை என்று எடுத்திருந்தாலும் என்னவாகியிருக்கும் என்பதும் தெரியும். குடும்பத்தாரின் அனுமதி, சாதிச் சங்கத்தின் அனுமதி எல்லாம் வாங்கி, நாயகன் தும்மினால் கூட ராகத்தில் தும்முகிற மாதிரி ஒரு பூசைப் படம் வந்திருக்கும். பிரெடி மேர்குரி பற்றிய பொஹீமியன் ராப்சடி படத்தில் அவருக்கு நோய் என்று தெரிய வந்த காலத்தையே, லைவ் எய்ட் கச்சேரிக்கு முன்னால் வருமாறு மாற்றினார்கள், அழுகை வரவேண்டும் என்பதற்காக. அதற்கு நாயகன் பெயரை மாற்றியது பரவாயில்லை என்று ஒருவர் வாதிட்டால் என்னால் முழுக்க மறுக்க முடியாது.

ஆனால் யாராவது துணிந்தால், படம் 1947 ஏப்ரல் 25இல் தொடங்க வேண்டும். பவளக்கொடி வேண்டாம், தங்கத் தட்டு வேண்டாம், கத்திக்குத்தும் வேண்டாம். வெளியே வருகிற ஒருவர். அவரைப் பார்க்கக் கூட்டம் நிற்கிறது. அதே கூட்டம் அடுத்த வருசம் ராஜமுக்திக்கு வரவில்லை. அது ஏன் என்று அவருக்கும் தெரியாது, சனத்துக்கும் தெரியாது. ஏதோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு புதுப் பையன் தன் குரலிலேயே பாடுவதை அவர் கேட்கிறார். கோபப்படுவாரா, சந்தோசப்படுவாரா? துல்கர் போன்ற ஒரு நடிகருக்கு இதைவிட நல்ல வேடம் இருக்காது.

குரல் எங்கிருந்து வரும் என்பது மட்டும் சிக்கல். இன்றைக்கு யாரைப் பாட வைத்தாலும் அது அந்தக் குரலாகாது. பழைய ஒலிப்பதிவையே போட வேண்டிவரும், கீச்சென்ற சத்தத்தோடு. இந்தத் தலைமுறைக்கு அது பிடிக்குமா என்று கேட்கலாம். ஹரிதாஸ் முழுப்படமும் யூடியூபில் இருக்கிறது. அப்பனையும் உம்மாவையும் கொடுமைப்படுத்திய ஒருவன் காலை இழந்து திருந்துகிற கதை. வசனம் இழுவை, கதை பழசு, பாட்டு வந்தால் மட்டும் கை தானாகக் கைத்தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டுகிறது.

அவர் கடைசியாக நடித்த சிவகாமி அவர் மௌத்தாகி அடுத்த வருசம், 1960இல் வெளிவந்தது. அதில் அவருடைய குரல் தளர்ந்திருக்கிறது என்று விசயம் தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். எனக்கு ராகம் தெரியாது என்று சொன்னேனே. என் காதுக்கு அது தளர்வாகவே தெரியவில்லை.